ஞாபகம் போச்சு என்றவரும், எனக்கு மறக்காது என்றவரும்

எங்கள் குடும்பத்தில் அடுத்தடுத்து இரண்டு பேரை முதியோர் மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டி வந்தது. ஒருவர் என் அம்மா. "எனக்கு எதுவுமே ஞாபகத்துல நிக்க மாட்டேங்குது" என்று காலையில் எழுந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். இன்னொருவர் பெரியப்பா. தாலுகா அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். "எனக்கா மறதி? எந்த ஜமாபந்தியில எந்த ஊர்க் கணக்கு உதைச்சுதுன்னு இப்பக் கேளு, சொல்றேன்" என்பார். பரிசோதித்துப் பார்த்ததில் அம்மாவின் நினைவாற்றல் அவள் வயதுக்கு நன்றாகவே இருந்தது. பெரியப்பாவுக்கு டிமென்ஷியா என்னும் மறதி நோய் தொடங்கியிருந்தது.

இதே நிலையில் வீட்டில் குழம்பிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒருவர் தன் ஞாபகத்தைப் பற்றிச் சொல்வதும், அவருடைய ஞாபகம் உண்மையில் இருக்கும் நிலையும் ஒத்துப்போகும் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். உளவியலில் இவை இரண்டையும் தனித்தனியாகத்தான் ஆராய்கிறார்கள். நம் தலைக்குள் என்ன தங்கியிருக்கிறது என்று நேரடியாக எட்டிப் பார்க்கும் வழி நமக்கே கிடையாது. கேட்டதும் சட்டென்று வந்ததா, தடுமாறி வந்ததா, இப்போது மனசு எப்படி இருக்கிறது, இந்த வயதில் மறதி வந்தே தீரும் என்று நம்புகிறோமா, இப்படிப் பலவற்றையும் வைத்து ஒரு கணிப்புக்கு வருகிறோம். அந்தக் கணிப்பில் மனநிலைக்குப் பெரிய பங்கு இருக்கிறது. அம்மாவையும் பெரியப்பாவையும் பார்த்த பிறகு இதை நான் முழுசாக நம்புகிறேன்.

அப்பாவின் கருமாதி முடிந்து, வந்திருந்த சொந்தக்காரர்கள் எல்லாம் கிளம்பிப் போன பிறகுதான் அம்மாவின் மறதிப் பேச்சு ஆரம்பித்தது. பால் பொங்கி வழிந்தால், "பாரு, அடுப்புல வச்சதையே மறந்துட்டேன்." எதிர்வீட்டு மருமகள் பெயர் நாக்கில் வராவிட்டால், "அவ்வளவுதான், எல்லாம் போச்சு." குழம்பில் இரண்டு தடவை உப்பு விழுந்த அன்றைக்குச் சாப்பிடாமலே படுத்துவிட்டாள். பெங்களூரில் இருக்கும் தம்பி இணையத்தில் எதையெதையோ படித்துவிட்டு, அல்சைமர்தான் என்று முடிவே கட்டிவிட்டான்.

தஞ்சாவூரில் நாங்கள் பார்த்த மருத்துவர் முதலில் மறதியைப் பற்றிக் கேட்கவே இல்லை. ராத்திரி தூக்கம் எப்படி, பசிக்கிறதா, முன்பு பிடித்துச் செய்த எதையாவது இப்போது விட்டுவிட்டீர்களா, காது சரியாகக் கேட்கிறதா, என்னென்ன மாத்திரை போடுகிறீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் கையில் எடுத்துப் போயிருந்தது நல்லதாகப் போயிற்று. அம்மா தூக்கம் வருவதற்காக மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டிருந்த சளி மாத்திரை அதில் இருந்தது. தூக்கத்தை வரவழைக்கும் பழைய வகை அலர்ஜி மருந்துகள் வயதானவர்களுக்கு மந்தத்தையும் மறதியையும் உண்டாக்கும் என்று அதை உடனே நிறுத்தச் சொன்னார்.

அப்புறம்தான் நினைவாற்றல் சோதனை. இன்றைய தேதி, கிழமை, இப்போது எந்த ஊரில் எந்த மாடியில் இருக்கிறோம், மூன்று சொற்களைச் சொல்லிக் கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பக் கேட்பது, 100லிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே போவது, இந்த மாதிரி மொத்தம் 30 மதிப்பெண். தனியாக ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். பள்ளிப் படிப்பு குறைந்தவர்களுக்கு இந்த மதிப்பெண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதையும் சொன்னார். வீட்டில் யாராவது தாளை அச்செடுத்து வைத்துக்கொண்டு பாட்டிக்குப் பரீட்சை நடத்துவதாக இருந்தால், தயவுசெய்து வேண்டாம். கழித்தல் கணக்கு வராதவரை நோயாளி ஆக்கிவிடுவீர்கள்.

அதற்குப் பிறகு ஆம், இல்லை என்று பதில் சொல்லும் 15 கேள்விகள். முதியோருக்கு மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே 1980களில் உருவாக்கப்பட்ட அளவுகோலின் சுருக்க வடிவம் அது. வாழ்க்கை வெறுமையாகத் தோன்றுகிறதா, வெளியே போவதைவிட வீட்டிலேயே இருக்கப் பிடிக்கிறதா என்றெல்லாம் கேட்பார்கள். அந்தக் கேள்விகளுக்கு நடுவில், மற்றவர்களைவிட உங்களுக்கு ஞாபகக் குறைவு அதிகம் என்று நினைக்கிறீர்களா என்றும் ஒன்று உண்டு. மனச்சோர்வை அளக்கும் தாளில் ஞாபகத்தைப் பற்றிய புகார் ஏன் வந்தது என்று நான் கேட்டேன். முதியவர்கள் தங்கள் மறதியைப் பற்றிச் சொல்லும் புகார், பல சமயம் அவர்களுடைய சோதனை மதிப்பெண்ணைவிட அவர்களுடைய மனச்சோர்வோடுதான் அதிகமாக ஒத்துப்போகிறது என்றார் மருத்துவர். பின்னால் தேடிப் படித்தபோது இது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிய வந்த விஷயம் என்று புரிந்தது.

நான் இதில் இன்னொன்றையும் பார்க்கிறேன். நம் வீடுகளில் ஐம்பது வருடம் குடும்பம் நடத்திய ஒரு பெண், "எனக்கு மனசு சரியில்லை, வாழவே பிடிக்கவில்லை" என்று வாய்விட்டுச் சொல்ல முடியாது. சொன்னால், "பேரன் பேத்தி எல்லாம் இருக்காங்க, உனக்கென்ன குறை" என்பார்கள். மறதி என்று சொன்னால் யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள். அம்மா சொல்லிக்கொண்டிருந்தது துக்கத்தைத்தான். அதைக் கேட்கத் தெரிந்தவர் அந்த மருத்துவர்.

ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் பி12 குறைவாக இருந்தது. அம்மா முட்டைகூடச் சாப்பிடாதவள். தைராய்டு சரியாக இருந்தது. பி12 குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு, தூக்கமின்மை, காது மந்தம், சில மருந்துகள், மனச்சோர்வு ஆகிய எல்லாமே மறதி போலத் தோற்றம் தரக்கூடியவை, இவற்றில் பெரும்பாலானவற்றைச் சரிசெய்யவும் முடியும். அதனால் யார் மறதி என்று சொன்னாலும் முதலில் இவற்றைப் பார்த்துவிடுங்கள். அம்மாவுக்கு ஊசியும், மனச்சோர்வுக்குக் குறைந்த அளவில் மாத்திரையும், தினம் சாயங்காலம் கோயில் பிராகாரத்தில் நடையும் என்று ஆரம்பித்தோம். சில மாதங்களில் புகார் குறைந்தது. பால் இப்போதும் பொங்கி வழியும். அவளுடைய நாற்பது வயதிலும் பொங்கி வழிந்துதான் இருக்கிறது, அப்போது யாரும் அதற்குக் கணக்கு வைக்கவில்லை. மனசு சோர்ந்திருக்கும்போது ஒவ்வொரு சறுக்கலும் கண்ணில் படும், படுவதெல்லாம் சாட்சியாகச் சேர்ந்துகொண்டே போகும்.

ஒரு எச்சரிக்கையும் இங்கே சேர்க்க வேண்டும். முதுமையில் வரும் மனச்சோர்வு சிலருக்கு டிமென்ஷியாவின் முன்னறிகுறியாகவும் இருக்கலாம். ஆகவே மனக்கவலைதான் என்று தெரிந்ததும் கோப்பை மூடிவிடக் கூடாது. வருடத்துக்கு ஒரு முறை அதே சோதனையைத் திரும்பச் செய்து, பழைய மதிப்பெண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறோம்.

வீட்டில் நாங்கள் மாற்றிய விஷயம் ஒன்று உண்டு. "வயசாயிடுச்சுல்ல" என்ற பேச்சை நிறுத்தினோம். இதற்குக் காரணம் நாகரிகம் மட்டும் கிடையாது. 2003ல் தாமஸ் ஹெஸ் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் முதியவர்களில் சிலருக்கு, வயதானால் ஞாபகம் குறையும் என்று சொல்லும் செய்திகளைப் படிக்கக் கொடுத்தார்கள். வேறு சிலருக்கு நம்பிக்கையான செய்திகளைக் கொடுத்தார்கள். பிறகு சொற்களை நினைவுபடுத்தச் சொன்னபோது, முதல் வகைச் செய்தியைப் படித்தவர்கள் குறைவாகவே நினைவுபடுத்தினார்கள். தன் ஞாபக சக்தியைப் பெரிதாக மதிப்பவர்களைத்தான் இது அதிகம் பாதித்தது. ஒரு செய்தித்தாள் துண்டே இப்படிச் செய்யுமென்றால், பெற்ற பிள்ளை தினமும் சொல்லும் வார்த்தை என்ன செய்யும் என்று யோசியுங்கள். கல்யாண வீட்டில் வந்து நின்று "நான் யாருன்னு சொல்லுங்க பாப்போம்" என்று கேட்பவர்களிடம் இப்போதெல்லாம் நானே முந்திக்கொண்டு, "அம்மா, மாயவரம் சித்தப்பா பையன் வந்திருக்கான்" என்று சொல்லிவிடுகிறேன். பெயர்கள் நாக்கு நுனியில் நின்று வராமல் போவது வயதாக ஆக அதிகமாகும், அது எல்லோருக்கும் உள்ளது.

சங்கிலி காணாமல் போனதையும் சொல்ல வேண்டும். ஒரு கல்யாணத்துக்காக வெளியூர் கிளம்பும்போது, வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறோமே என்ற பயத்தில் அம்மா தன் இரண்டாவது சங்கிலியை எங்கேயோ பத்திரமாக வைத்துவிட்டாள். திரும்பி வந்தால் எங்கே என்று தெரியவில்லை. வேலைக்கு வரும் பெண்மேல் சந்தேகம் விழும் அளவுக்குப் பேச்சு போய்விட்டது. அந்தப் பெண் அன்றைக்கு அழுதது எனக்கு இப்போதும் வருத்தமாக இருக்கிறது. கடைசியில் சங்கிலி, தீபாவளிக்கு மட்டும் எடுக்கும் முறுக்கு அச்சுக்குள் துணியில் சுற்றி இருந்தது.

இதைப் பற்றி 1986லேயே யூஜின் வினோகிராட், ராபர்ட் சோலோவே என்ற இருவர் ஆராய்ந்திருக்கிறார்கள். யாரும் எதிர்பார்க்காத ஒரு தனி இடத்தில் பொருளை வைக்கும்போது, இந்த இடம் எப்படி மறக்கும் என்று தோன்றிவிடுகிறது. தேடும்போது அந்த இடம்தான் நினைவுக்கு வருவதில்லை. அவர்கள் ஆராய்ந்தது முதியவர்களை அல்ல, கல்லூரி மாணவர்களை. அம்மாவிடம் இதைச் சொன்னதும் அவள் முகத்தில் தெரிந்த நிம்மதிக்காகவே இந்த ஆய்வுக்கு நான் நன்றி சொல்லுவேன். பயமோ ஆசையோ கலந்து ஒரு காரியத்தைச் செய்யும்போது "இது மறக்காது" என்ற உறுதி பலமாக வருகிறது. அந்த உறுதி வரும் நேரத்தில்தான் எழுதி வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் இப்போது நகை பாங்க் லாக்கரில் இருக்கிறது. சாவி, பாஸ்புக், மருத்துவக் கோப்பு மூன்றுக்கும் மாறாத ஒரே இடம்.

மருந்துச் சீட்டு விஷயத்திலும் ஒரு பழக்கம் எங்களுக்கு நன்றாகப் பலன் தந்தது. மருத்துவர் சொல்லி முடித்ததும் "புரிஞ்சுதாம்மா?" என்று கேட்டால் அம்மா தலையாட்டுவாள். அப்போது அவளுக்கு உண்மையிலேயே எல்லாம் ஞாபகம் இருக்கும், சொன்னது இன்னும் காதில் ஒலித்துக்கொண்டிருக்கிறதே. உளவியலாளர்கள் தாமஸ் நெல்சனும் ஜான் டன்லாஸ்கியும் 1991ல் காட்டியது இதைத்தான். படித்த உடனே "இது நினைவில் நிற்குமா" என்று கேட்டால் வரும் கணிப்பு அவ்வளவு சரியாக இருப்பதில்லை. கொஞ்ச நேரம் இடைவெளி விட்டுக் கேட்டால் கணிப்பு வியக்கத்தக்க அளவு சரியாகிவிடுகிறது. அதனால் நாங்கள் பஸ் ஏறி உட்கார்ந்து, ஊர்க் கதையெல்லாம் பேசிவிட்டு, அப்புறம் கேட்போம்: "சாப்பாட்டுக்கு முன்னாடி போடறது எந்த மாத்திரைம்மா?" சீட்டைப் பார்க்காமல் சொல்ல வந்தால் சரி. வராததை மட்டும் அட்டையின் பின்பக்கம் பேனாவால் பெரிதாக எழுதிவிடுவோம். இதைச் செய்யும்போது பரீட்சை வைக்கும் தொனி மட்டும் வரக் கூடாது. நானும் என் பங்குக்கு எனக்கு நினைவிருப்பதைச் சொல்வேன், அவள் திருத்துவாள்.

பெரியப்பா விஷயம் இதைவிடக் கஷ்டமானது.

அவர் பேச ஆரம்பித்தால் ஊரே கூடிவிடும். பழைய தாசில்தார்களின் பெயர், புயல் வந்த வருடம் நிவாரண அரிசி பங்கிட்டது, பெரியம்மாவைப் பெண் பார்க்கப் போன வீட்டின் திண்ணை என்று எல்லாம் தெளிவாக வரும். பத்து வயதிலிருந்து முப்பது வயதுக்குள் நடந்தவை முதியவர்களுக்கு மற்றக் காலங்களைவிட அதிகமாக நினைவில் இருக்கும் என்பது நன்கு தெரிந்த உண்மை. அவை பலமுறை சொல்லிச் சொல்லிப் பழகியவையும்கூட. தங்கு தடையில்லாமல் அவை வந்து விழுவதைக் கேட்டு அவரும் நம்பினார், நாங்களும் நம்பினோம். நேற்று நடந்ததை யாரும் அவரிடம் கேட்கவில்லை.

எம்.ஜி.ஆர் இறந்த நாளைப் பற்றி அவர் சொல்லும் கதை எங்கள் குடும்பத்தில் பிரசித்தம். மன்னார்குடி அலுவலகத்தில் கோப்பு பார்த்துக்கொண்டிருந்தாராம், பியூன் அழுதுகொண்டே ஓடி வந்து சொன்னாராம், பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து நின்றாராம். அப்பா இறந்த பிறகு அவருடைய பழைய டைரிகளை எடுத்து அடுக்கும்போது, 1987 டிசம்பர் 24ஆம் தேதிப் பக்கம் கண்ணில் பட்டது. "அதிகாலையில் எம்.ஜி.ஆர் காலமானார். பால்காரர் வந்து சொன்னார். அண்ணன் நேற்றே இங்கு வந்துவிட்டதால் மன்னார்குடி திரும்ப முடியவில்லை. பஸ் இல்லை." அதாவது, பெரியப்பா அன்றைக்கு எங்கள் கும்பகோணம் வீட்டில் இருந்திருக்கிறார். பியூன் அழுத காட்சி இந்திரா காந்தி இறந்த 1984 அக்டோபர் 31ஆம் தேதியாக இருக்கலாம். அது புதன்கிழமை, அலுவலக நாள், செய்தியும் பகலில்தான் வந்தது. இரண்டு துக்கமும் எங்கோ ஒன்றாகிவிட்டன.

இதை நோயின் அடையாளம் என்று தயவுசெய்து எண்ண வேண்டாம். இது எல்லோருக்கும் நடப்பது. சேலஞ்சர் விண்கலம் 1986 ஜனவரி 28ல் வெடித்துச் சிதறிய மறுநாள், அமெரிக்காவில் எமரி பல்கலைக்கழக மாணவர்களிடம் செய்தியை எப்படிக் கேள்விப்பட்டார்கள் என்று உல்ரிக் நைசரும் நிக்கோல் ஹார்ஷும் எழுதி வாங்கினார்கள். இரண்டரை வருடத்துக்கும் மேலான பிறகு அதே கேள்வியைக் கேட்டபோது 44 பேரில் 3 பேர்தான் முழுக்கச் சரியாகச் சொன்னார்கள். 11 பேர் சொன்னது முழுக்கத் தவறு. ஆனால் பலரும் அழுத்தம் திருத்தமாகச் சொன்னார்கள். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்கு மறுநாள் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜெனிஃபர் டலரிக்கோவும் டேவிட் ரூபினும் செய்த ஆய்வில் விஷயம் இன்னும் தெளிவானது. தாக்குதலைப் பற்றிய நினைவும் அதற்குச் சில நாள் முன்பு நடந்த சாதாரண விஷயத்தின் நினைவும் ஒரே வேகத்தில்தான் மாறிப்போயின. தாக்குதல் நினைவின் மேல் இருந்த நம்பிக்கை மட்டும் குறையவே இல்லை. உணர்ச்சி கலந்த நினைவு, தான் சரி என்ற உறுதியையும் கூடவே தருகிறது. அந்த உறுதியை வைத்துக்கொண்டுதான் பெரியப்பா தன் ஞாபகம் முழுவதற்கும் மதிப்பெண் போட்டுக்கொண்டார்.

டைரியை நான் அவரிடம் காட்டவில்லை. இன்றைக்கும் அந்த மன்னார்குடிக் கதையைக் கேட்கிறோம்.

மாற்றம் பெரியம்மாவுக்குத்தான் முதலில் தெரிந்திருக்கிறது. கரண்ட் பில்லை ஒரே மாதத்தில் இரண்டு தடவை கட்டப் போனார் பெரியப்பா. பழகின பெருமாள் கோயிலிலிருந்து வீட்டுக்கு வரும்போது வேறு தெருவில் திரும்பி நின்றார். "மாப்பிள்ளை எப்ப வர்றார்?" என்ற கேள்வி ஒரே காலையில் பல தடவை. பெரியம்மா எங்கள் யாரிடமும் சொல்லவில்லை. ஊரில் மரியாதையாக வாழ்ந்த மனிதரைப் பற்றி எப்படிச் சொல்வது என்ற தயக்கம். சொன்னால் அவர் கோபப்படுவார் என்ற பயம்.

டிமென்ஷியா உள்ள பலருக்குத் தங்கள் குறையே தெரிவதில்லை என்றும், இது பிடிவாதமோ மறைப்போ இல்லை, குறையை உணரும் திறனையே நோய் பாதித்துவிடுகிறது என்றும் மருத்துவர் எங்களுக்கு விளக்கினார். அதனால்தான் கூட இருப்பவரின் வாக்குமூலத்துக்கு அவர்கள் அவ்வளவு மதிப்புக் கொடுக்கிறார்கள். பத்து வருடத்துக்கு முன் இருந்ததோடு ஒப்பிட்டால் இப்போது பணக் கணக்குப் பார்ப்பது எப்படி, புதிய பொருளை இயக்கக் கற்பது எப்படி, சமீபத்தில் நடந்த பேச்சு நினைவிருக்கிறதா என்று பெரியம்மாவிடம் தனியாக உட்கார்ந்து கேட்டார். தனியாகக் கேட்டதுதான் முக்கியம். பெரியப்பா எதிரில் இருந்திருந்தால் பெரியம்மா வாயே திறந்திருக்க மாட்டார்.

அவரை அழைத்துப் போவதுதான் பெரும்பாடாக இருந்தது. "உங்களுக்கு மறதி இருக்கு, டாக்டரைப் பார்க்கலாம்" என்றபோது துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். கொஞ்ச நாள் விட்டு, "பெரியப்பா, பிரஷரும் சர்க்கரையும் பாத்து ரொம்ப நாளாச்சு, அம்மாவுக்கும் பார்க்கணும், நீங்க துணைக்கு வந்தா நல்லா இருக்கும்" என்றேன். அது பொய்யில்லை, இரண்டும் பார்க்க வேண்டியதாகத்தான் இருந்தது. வந்தார். மருத்துவரிடம் விஷயத்தை முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தோம். மூளை ஸ்கேனும் எடுத்தார்கள்.

நோய் ஆரம்பக் கட்டத்தில் இருந்ததால், அவரே முடிவு எடுக்கக்கூடிய நிலையில் சில காரியங்களை முடிக்க முடிந்தது. பென்ஷன் வரும் கணக்கில் பெரியம்மா பெயரையும் சேர்த்தோம். நிலப் பத்திரங்கள் எங்கெங்கே என்று அவரே சொல்ல, அவர் எதிரிலேயே எழுதிக்கொண்டோம். கரண்ட் பில்லும் கேஸும் பெரியம்மாவின் பொறுப்பில் வந்தன. கோயிலுக்கு அவர் போவதை நிறுத்தவில்லை, அர்ச்சகரிடமும் முனைக்கடைக்காரரிடமும் சொல்லி வைத்தோம். சட்டைப்பையில் பெயரும் போன் நம்பரும் எழுதிய அட்டை இருக்கிறது. கேள்வியைத் திரும்பக் கேட்டால் "இப்பத்தானே சொன்னேன்" என்று சொல்வதை எல்லோரும் விட்டுவிட்டோம். பதிலை இன்னொரு தடவை சொல்வதால் நமக்கு எதுவும் குறையாது, அவருக்கு முகம் வாடாது.

யாரையாவது அழைத்துப் போக நினைத்தால், முதலில் ஒரு நோட்டு போடுங்கள். எந்தத் தேதியில் என்ன நடந்தது என்று எழுதுங்கள். "மறதி அதிகம்" என்று எழுதாமல், "மார்க்கெட்டில் 500 ரூபாய் கொடுத்துவிட்டு மீதி வாங்காமல் வந்தார்" என்று எழுதுங்கள். தூக்கம், சாப்பாடு, சமீபத்தில் வீட்டில் நடந்த சாவு அல்லது இடமாற்றம், எல்லா மாத்திரை அட்டைகள், காதுக் கருவி இருந்தால் அது, இவ்வளவும் கையோடு இருக்கட்டும். சென்னையில் இருப்பவர்களுக்கு ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் முதியோர் மருத்துவத் துறை இருக்கிறது. கிண்டி கிங் நிறுவன வளாகத்தில் 2024ல் 200 படுக்கைகளோடு திறந்த தேசிய முதியோர் நல மையமும் இருக்கிறது. மற்ற ஊர்களில் இருப்பவர்கள் பக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதியோர் பிரிவு எந்தக் கிழமையில் நடக்கிறது என்று கேட்டுக்கொண்டு போங்கள். காலையில் சீக்கிரம் போனால் நல்லது, களைப்பு வருவதற்குள் சோதனையை முடித்துவிடலாம்.